காற்று கசியும் ஷாக்கைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மலைச் சைக்கிள் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், பின்பக்க ஷாக் காற்றில் வேலை செய்கிற வகை என்றால் அது கசிய ஆரம்பித்த பிறகு பழுது பார்க்க வழியில்லை, புதிதுதான் மாட்ட வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், காற்றை இறக்குவது பற்றி எழுதியிருக்கிற பகுதியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மருந்துக் கம்பெனியில் ரெப். வாரத்தில் ஆறு நாள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பைக்கில் சுற்றுகிறவன், ஞாயிறு விடிகாலையில் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகமலைப் பக்கமோ கீழக்குயில்குடிப் பக்கமோ மூன்று மணி நேரம் போய்விட்டு வருவேன். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த சைக்கிள், மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. புதிது வாங்க வசதியில்லை, அதனால்தான் பழுது பார்க்கிற புத்தி வந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலையில் ஷாக்கில் 170 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏற்றிவிட்டுப் போவேன், புதன்கிழமை ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் பொதுக்கென்று அமுங்கும். ஒரு பெரிய கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த பையன் கையால்கூடத் தொடாமல் "சீல் போயிருச்சு சார், இதெல்லாம் ஓப்பன் பண்ண மாட்டோம், புதுசுதான்" என்று ஒரு விலை சொன்னான், அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய மொபெட் வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து புலம்பினேன். அடுப்படியில் இருந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கேஸ்கட்டு போச்சுன்னா குக்கரையாடா மாத்துறோம்?"

யோசித்துப் பார்த்தால் அம்மா கேட்டதற்குமேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பைக்கில் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருக்கும் இல்லையா, அது செய்கிற வேலையை இங்கே அடைத்து வைத்த காற்று செய்கிறது. ஒரு அலுமினியக் குழாய், அதற்குள் போய் வருகிற பிஸ்டன், காற்று வெளியே போகாமல் பிடித்து நிறுத்த இரண்டு மூன்று ரப்பர் வளையம், சீல் என்பது இவைதான். கைப்பம்பின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் பிடி தானே எழும்பி வருமே, அதுதான். பிஸ்டனுக்கு ஒரு பக்கம் பெரிய அறை, அது ஆளைத் தூக்கிப் பிடிக்கிறது. மறு பக்கம் ஒரு சின்ன அறை, அது எதிர்த்திசையில் தள்ளிக்கொடுத்து, பொடிக் கல்லுக்கும் ஷாக் இளகுகிற மாதிரி வைத்திருக்கிறது. இதை நெகட்டிவ் அறை என்பார்கள். இந்தச் சின்ன அறையை ஞாபகத்தில் வையுங்கள், ஆபத்து இருப்பது இங்கேதான்.

வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது. வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 15 பி.எஸ்.ஐ. கார் டயரில் 30, 35. இந்த ஷாக்கில் ஆள் எடையைப் பொறுத்து 150, 200, சிலருக்கு அதற்கும் மேலே. அதனால்தான் சாதாரணப் பம்ப் இதற்கு ஆகாது. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை மாட்டலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம், ஷாக்கின் உள்ளே இருக்கிற இடம் ஒரு டம்ளர் அளவு, அந்த வேகத்தில் அடித்தால் எங்கே நிறுத்துவது? ஷாக் பம்ப் என்று தனியாக 300 பி.எஸ்.ஐ. வரை காட்டுகிற கேஜ் வைத்துக் கையடக்கமாக வருகிறது. இந்த வேலைக்கு நான் செய்த பெரிய செலவு அது ஒன்றுதான்.

முதலில் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். நான் போனது எங்கள் விலக்கில் இருக்கிற பஞ்சர் கடைக்கு. அந்த அண்ணன் ஷாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்து எங்குட்டாச்சும் வெளிய வந்துதானே சார் ஆகணும், தொட்டில போடுங்க" என்றார். டியூப் முக்குகிற அதே தண்ணீர்த் தொட்டிதான். வால்விலிருந்து குமிழி வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் அது பைக் டியூப்பில் இருக்கிற அதே வகை வால்வு, உள்ளே இருக்கிற பின்னை இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். நிறையப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. குழாய்க்குள் தண்டு நுழைகிற விளிம்பில் ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் வரிசையாக வந்தன. அப்படியென்றால் சீல். வெளியே குமிழியே வராமல் ஷாக் மட்டும் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே போகிறது என்றால், காற்று வெளியே போகவில்லை, பெரிய அறையிலிருந்து பிஸ்டன் சீலைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போய் அடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது, வெட்டாதீர்கள் என்று சொன்ன பகுதி.

குழாயின் உள்விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டு 200 பி.எஸ்.ஐ.க்குக் கணக்குப் போட்டால், மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிற விசை 170 கிலோவுக்கும் மேல். 25 கிலோ அரிசிச் சிப்பமாக ஏழு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிற கனம் அது. காற்றை இறக்காமல் குழாயைத் திருகினால், கடைசி மரை விடுபட்ட நொடியில் அது பறக்கும், எதிரே முகம் இருந்தால் முகத்தில், கை இருந்தால் கையில். ஆகவே வால்வை அழுத்திக் காற்றை இறக்குங்கள், அதுவும் ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே ஷாக்கை அமுக்கி விட்டு, அப்போதுதான் சின்ன அறைக் காற்றும் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சின்ன வழியாக இந்தப் பக்கம் வந்து சேரும். முழுக்க இறக்கிய பிறகு ஷாக்கைக் கையால் இழுத்துப் பாருங்கள். இழுத்தால் நீண்டு வர வேண்டும். காற்று எல்லாம் போன பிறகும் ஷாக் குறுகிப்போய் உள்ளேயே இழுத்துக்கொண்டு நிற்கிறது, நீளவே மாட்டேன் என்கிறது என்றால், சின்ன அறைக்குள் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. வால்வில் சத்தம் வரவில்லை, எனவே காலி என்று நினைத்துத் திருகுகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். அந்த நிலையில் திருகவே கூடாது. திரும்பவும் காற்று ஏற்றி (ஷாக்கின் மேல் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல்) அது நீள்கிறதா பாருங்கள், நீளவில்லை என்றால் விவரம் தெரிந்தவரிடம் அனுப்பிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காற்று போய்விட்டது என்று உறுதியான பிறகு மிச்சமெல்லாம் பொறுமை வேலை. அலன் கீ வைத்து இரண்டு போல்ட்டையும் கழற்றும்போது பக்கத்தில் இருக்கிற சின்ன வாஷர்கள் உருண்டு ஓடும், கீழே ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொள்ளுங்கள் (நான் வைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் அரை மணி நேரம் டார்ச் அடித்தேன்). வைஸில் (பட்டறை மேஜையில் இருக்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிக்க வேண்டுமென்றால் கண் மாதிரி ஓட்டை இருக்கிற முனையை மட்டும், இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்துப் பிடிக்கலாம். பளபளப்பான தண்டில் வைஸ் பட்டு ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு எந்த சீல் போட்டாலும் நிற்காது. குழாயைப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருக வேண்டியதில்லை. பழைய டியூப்பை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றிக் கையால் இறுக்கித் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். கடைசிச் சுற்றில் முகத்தை விலக்கி, துண்டு போட்டு மூடிக்கொண்டு திருகுங்கள், எல்லாக் காற்றும் போன பிறகும் "டப்" என்று ஒரு சத்தம் வரும்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? மண். நாகமலைச் செம்மண்ணும் எண்ணெயும் கலந்து மை மாதிரி. அது எப்படி உள்ளே போனது என்பதும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் சுற்றிவிட்டு வந்து வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்கோடு சேர்த்துச் சைக்கிளையும் அடிக்கச் சொல்வேன். அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால் தூசி தடுக்கிற உதட்டைத் தாண்டி மண் உள்ளே போகாமல் என்ன செய்யும்? கசிவுக்குக் காரணம் ஷாக் செய்த கம்பெனியும் இல்லை, பெங்களூர்க்காரரும் இல்லை, நான்தான்.

பழைய ரப்பர் வளையத்தைப் பள்ளத்திலிருந்து எடுக்க ஊசி, பின், ஸ்க்ரூ டிரைவர் எதையும் கொண்டுபோகாதீர்கள், அலுமினியத்தில் கோடு விழும். இதற்கென்றே பிளாஸ்டிக் கொக்கி விற்கிறார்கள். நான் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி முனையைச் சீவிக்கொண்டேன், ரப்பரை நெம்புகிற அளவுக்கு விறைப்பு, அலுமினியத்தைக் கீறாத அளவுக்கு மெது. துடைக்க மெடிக்கல் கடையில் கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹால், இது என் தொழிலில் சுலபமாகக் கிடைக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெயில் ஊறப்போடும் பழக்கம் நமக்கு உண்டு, சீல் கிட்டே அது வேண்டாம், ரப்பர் ஊதிப்போகலாம்.

அடுத்தது நான் செய்த தப்பு. கம்பெனி சீல் கிட் ஆன்லைனில் வர மூன்று வாரம் ஆகும் என்று காட்டியது. சிம்மக்கல் பக்கம் ஆயில் சீல், ஓ-ரிங் (சீலாகப் போடுகிற உருண்டை ரப்பர் வளையம்) விற்கிற ஒரு கடைக்குப் பழைய வளையத்தோடு போனேன். டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன், சிரித்துவிட்டார். "ஜேசிபில மூவாயிரத்துக்கு மேல நிக்குது சார், ஒங்க சைக்கிள்ல எரநூறுக்கா இந்தப் பாடு?" விரலால் நெருடிப் பார்த்து 2.5 மி.மீ. கனத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நாளில் திரும்பவும் கசிந்தது. அப்புறம் தெரிந்த லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்து பார்த்தால் தண்டுப் பக்கப் பள்ளத்துக்கு வேண்டியது 2.62. அங்குலக் கணக்கில் செய்கிற ஓ-ரிங்குகள் 1.78, 2.62, 3.53 என்று வரும், மில்லிமீட்டர் கணக்கில் செய்பவை 2, 2.5, 3, 3.5 என்று வரும், கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த மாதிரி அசைகிற இடத்தில் வளையம் தன் கனத்தில் பத்து, பதினைந்து சதவீதம் நசுங்கி உட்கார்ந்தால்தான் காற்றைப் பிடிக்கும். 0.12 மி.மீ. குறைந்தாலே அந்த நசுங்கலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காவது போய்விடுகிறது. திரும்பப் போய் அங்குல அளவில் வாங்கி வந்தேன், நைட்ரைல் ரப்பர், விலை ஒரு டீ, வடைக்கு மேல் இல்லை. பிஸ்டன் மேல் இருக்கிற வளையம் மட்டும் உருண்டையாக இல்லாமல் நான்கு உதடு வைத்த எக்ஸ் வடிவம், முன்னும் பின்னும் போகும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக அப்படி. அது உள்ளூரில் கிடைக்கவில்லை, அதற்குக் கிட்டுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. குக்கர் ரப்பரை வெட்டி ஒட்டிப் போடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அவர் பெயரைப் போடவில்லை.

கிரீஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸை அப்பினால் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சின்ன வழி அடைத்துக்கொள்ளும். சஸ்பென்ஷனுக்கென்று இளகலான கிரீஸ் வருகிறது, விரல் நுனியில் தொட்டு சீல் மேல் மெல்லிசாகத் தடவினால் போதும், கம்பெனி சொல்கிற எண்ணெய் சில சொட்டு. நிறைய ஊற்றினால் காற்றுக்கு இடம் குறைந்து, ஷாக் முழுக்க அமுங்குவதற்கு முன்பே கல் மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: மதுரையில் ஓடும், 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழியில் சிறுமலைக்குப் போய்ப் பாருங்கள்.

மூடிய பிறகு ஒரே மூச்சில் 170 ஏற்றாதீர்கள். 50 ஏற்றிப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள், 100 ஏற்றித் திரும்ப அமுக்குங்கள், சின்ன அறையும் நிறைய வேண்டும். அப்புறம் உங்கள் எடை. என் எடை 78 கிலோ, பவுண்டில் 172, தொடக்கத்துக்கு அதையே பி.எஸ்.ஐ.யாக வைத்துக்கொண்டேன். பையோடு ஏறி அசையாமல் உட்கார்ந்து இறங்கினால், தண்டின் மேல் வெளியே தெரிகிற அளவு பார்க்கும் ரப்பர் வளையம் தள்ளிப்போயிருக்கும், ஷாக் எவ்வளவு இறங்கியது என்று அது காட்டும். தண்டின் மொத்த ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் இறங்கியிருந்தால் சரி, என்னுடையதில் 50 மி.மீ.க்கு 14 வந்தது.

கசியாத ஷாக்கைக் கசிகிறது என்று நினைத்து ஏமாறுவதும் நடக்கும். பம்பை மாட்டிய உடனே கேஜ் பத்துப் பதினைந்து குறைத்துக் காட்டும், பம்பின் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போவதால் வருவது அது. இதைக் கசிவு என்று நினைத்து நானே ஒரு வாரம் தினமும் மாட்டி மாட்டிப் பார்த்து தினமும் கவலைப்பட்டேன். இன்னொன்று, வெயில். விடிகாலை 25 டிகிரியில் 200 வைத்தால் சித்திரை மதியம் 40 டிகிரியில் அதுவே 210 ஆகும். அதே ஷாக்கைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் குளிரில் கீழே இறங்கும். சீல் மேல் பழி போடுவதற்கு முன்னால் எந்த நேரத்தில் எங்கே வைத்து அளந்தீர்கள் என்று பாருங்கள்.

உங்கள் கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காற்று அறைக்கு உள்ளே, நடுத்தண்டில், எண்ணெயும் அதற்குப் பின்னால் மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜனும் அடைத்த இன்னொரு பகுதி இருக்கிறது. ஷாக் அமுங்கும்போது "சளக் சளக்" என்று சத்தம் வந்தாலோ, தண்டில் எண்ணெய் வழிந்தாலோ பழுது அங்கே. அதை வீட்டில் திறக்கக் கூடாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும், நான் திறக்க மாட்டேன், யாரையும் திறக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதுவும்கூடத் தூக்கிப் போடுகிற சாமான் இல்லை, சர்வீஸ் செய்கிற சாமான்தான். ஷாக் செய்கிற ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் கையேட்டிலேயே காற்று அறையை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கச் சொல்லியிருக்கிறது. ஷாக் செய்கிற இன்னொரு கம்பெனியான ஃபாக்ஸ், 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்கிறது. ஞாயிறுக்கு மூன்று மணி நேரம் என்றால் 50 மணி என்பது நாலு மாதம். செய்த கம்பெனியே கழற்றச் சொல்கிறது, விற்கிற கடை கழற்ற மாட்டேன் என்கிறது, உங்கள் பேப்பர் கடைக்காரர் சொன்னதை அச்சில் போட்டிருக்கிறது.

2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமை என்று ஒரு குழு போட்டது. அதில் எடுத்துக்கொண்டது விவசாயக் கருவி, செல்போன் வகையறா, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறை. சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை, லட்ச ரூபாய்க்குச் சைக்கிள் விற்கிற காலத்தில் சேர்த்திருக்கலாம். அது டெல்லி விவகாரம், விடுங்கள். இங்கே மதுரையைப் பாருங்கள். வெள்ளரிப்பட்டியில் டயர் செய்கிறோம், கப்பலூர் தொழிற்பேட்டை இருக்கிறது, கோ.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, தெருவுக்குத் தெரு பைக் ஃபோர்க்கைக் கழற்றி ஆயில் சீல் மாற்றுகிற மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். பைக் ஃபோர்க் சீல் மாற்றத் தெரிந்த கைக்கு இது புது வித்தை இல்லை. காற்றை இறக்குவது எப்படி என்பதையும் அந்தச் சின்ன அறையைப் பற்றியும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பஞ்சர் கடை அண்ணன் நாளைக்கே செய்வார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் கடையில் "புதுசுதான்" என்கிறார்கள்.

இரண்டாவது தடவை பூட்டி இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. நேற்றுக் காலையில் பம்பை மாட்டினேன், கேஜ் 160 காட்டியது, மீதியைக் குழாய் குடித்துவிட்டது. நாகமலைப் பக்கம் இருக்கிறவர்கள் யாருக்காவது தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பஞ்சர் கடையில்தான் இருப்பேன், துடைக்கத் துணி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அதே ஞாயிறு இணைப்பிலேயே போடுங்கள். வார நாள் பேப்பரில் ஏதாவது ஒரு மூலையில் போட்டால், அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் கண்ணில் இது படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலைப் புதுக்கோட்டை, மதுரை